புகைக் கருவிக்காக நான் கொடுத்த வாக்குமூலம்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் மாத்தளை நகரத்தில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வயரிங் வேலை பார்த்தேன். கடை ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். சின்ன வயதில் எங்கள் லயத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து ஒற்றையறைக் காம்பரா இரண்டு எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புகை மூச்சை அடைத்த பிறகுதான் எழுந்து ஓடினார்கள். ஆகவே, புகையைத் தானாகவே கண்டுபிடித்துக் கத்துகிற கருவி ஒன்று இருக்கிறது என்று மாத்தயா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்கள ஐயா கடைக்கு வந்து சொன்னபோது, அதைக் கையில் வாங்கிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அவர் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, நகரத்துக்கு வெளியே மிளகுத் தோட்டச் சரிவில் வீடு கட்டியிருந்தார். கருவி தேநீர்க் கோப்பையின் தட்டு அளவுதான். வெள்ளை நிறம், உள்ளே ஒரு சதுர பேட்டரி. ஆங்கிலத்தில் இருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, குசினி சீலிங்கில் பூட்டினேன். மாத்தயா ஒரு தேங்காய் மட்டையைக் கொளுத்தி அதன் கீழே பிடித்தார். அது கத்திய கத்தில் முற்றத்து நாய் வேலியைத் தாண்டி ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது. பேட்டரி தளர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை கீச்சென்று சத்தம் போடும், உடனே மாற்ற வேண்டும் என்று மாத்தயாவிடம் சொன்னேன். அந்தக் குசினியில் நாள் முழுக்க நிற்கிற சமையல் அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் பிழை.

அடுத்த வருடம் மாத்தயாவும் மனைவியும் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார்கள். வீட்டில் சமையல் அம்மா மட்டும். ஒரு காலை அந்தக் கருவி கீச்சென்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும். அந்த வாரம்தான் நாட்டின் வேறொரு பக்கத்தில் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. சமையல் அம்மா பயந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் பொலிசுக்குச் சொன்னார். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன்.

பத்து மணிபோலக் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். "அந்த வீட்டு சீலிங்ல சாமான் பூட்டினது யாரு?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு முன்னால் ரோட்டை மறித்திருந்தார்கள். அயல்வீட்டார் எல்லாரும் தூரத்தில் நின்றார்கள். சமையல் அம்மா அவர்களுக்கு நடுவில் அழுதுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கீச்சென்ற சத்தம் கேட்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சேர், அது பேட்டரி தளர்ந்த சத்தம்" என்று அங்கே நின்ற பொலிஸ் பெரியவரிடம் சொன்னேன். "ஒரு கதிரை போட்டு ஏறினா அர நிமிசத்துல மாத்திருவேன்."

"உள்ளுக்கு என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே சேர் பூட்டினேன்."

"அப்ப நீதான் பூட்டினதுன்னு ஒத்துக்கிற" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

குண்டு எடுக்கிறவர்கள் வரும்வரை மத்தியானம் தாண்டி வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கயிறு கட்டி அதை இழுத்து விழுத்தினார்கள். மண் மூட்டைகளுக்கு நடுவில், முற்றத்தில் கிடந்தும் அது கீச்சிட்டது. கடைசியில் திறந்து பார்த்தார்கள். சதுர பேட்டரி ஒன்று, ஒரு சின்னத் தகடு, இரண்டு வயர். பெரியவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். இப்போது விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"இவன ஜீப்புல ஏத்து" என்றார்.

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தெரியாமல் பயந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் எல்லாரும்தான் பயந்தோம். ஆனால் பேட்டரியை மேசையில் வைத்துக்கொண்டே என்னை இரண்டு நாள் விசாரித்தார்கள். வடக்கில் யார் இருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு மாத்தளையை விட்டால் கண்டிதான் தெரியும். டைமர் செய்யத் தெரியுமா என்றார்கள். தோட்டத்துப் பொடியனுக்கு இந்த வேலையை யார் பழக்கினது என்றார்கள். ஒரு சிங்கள வேலையாள் பூட்டியிருந்தால் இந்தக் கேள்வியில் ஒன்றாவது வந்திருக்குமா?

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் கையால் எழுதினதை வாசிக்க வராது. "கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க சேர்" என்றேன். எழுதினவர் கடகடவென்று வாசித்து ஓட்டினார். பாதிதான் காதில் விழுந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளி வந்து பொறுப்பெடுத்தார். "ஒன்பது வருஷமா என்ட கடையில இருக்கிற பிள்ள. இவர் ஏதும் செஞ்சிருந்தா என்னையும் புடிங்க" என்றார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னும் பேசாம வாங்க தம்பி" என்றார். பஸ் நிலையம்வரை தோளை விடவில்லை.

சமையல் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்தார். "மல்லி, அது என்னன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று, தம்பியென்று சிங்களத்தில் அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

மாத்தயா திரும்பியதும் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். "மறுபடி பூட்டித் தாங்க" என்றார்.

"பூட்டுறேன் மாத்தயா. அதுக்கு முன்னால என்கூட ஸ்டேசனுக்கு வாங்க. என் பேருல இருக்கிறத வெட்டச் சொல்லுங்க."

மறுக்காமல் வந்தார். பழைய பெரியவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு பதிவே இங்க இல்லையே. பிறகு எதை வெட்டுறது?" என்றார். மாத்தயா சந்தோஷமாக என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, ஒன்னும் இல்ல."

அன்று பின்னேரமே போய்ப் புதிய கருவியைப் பூட்டினேன். இந்த முறை சமையல் அம்மாவைக் கதிரையில் ஏற்றி, பேட்டரியை அவர் கையாலேயே கழற்றி மாட்ட வைத்தேன். முதல் தடவை பேட்டரியைக் கீழே நழுவவிட்டார். மூன்றாம் தடவை என்னைவிட வேகமாகச் செய்தார்.

அடுத்த மாதம் எங்கோ குண்டு வெடித்தது. மறுநாள் இரண்டு பேர் கடைக்கு வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து என் பெயரை வாசித்தார்கள். இல்லாத பதிவிலிருந்து அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். நேற்று எங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்டார்கள். பிறகும் பல தடவை வந்தார்கள்; ஒவ்வொரு தடவையும் கதிரை போட்டு உட்கார வைத்தேன். யுத்தம் முடிந்த பிறகும் ஒரு தடவை வந்தார்கள். அன்று நான் அவர்களுக்குக் கதிரை போடவில்லை.