அம்பாசடருக்கு ஹாலஜன் போட்ட வாரம்

விளக்கு மங்கல் என்று மூன்றாவது முறை சொன்னபோதுதான் முதலாளி எழுந்து வந்து காரைப் பார்த்தார். பழைய அம்பாசடர். முன்விளக்குக் கண்ணாடிகளின் மேல்பாதியில் அந்தக் கால வழக்கப்படி கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். மஞ்சளாக எரிந்தது.

"எரியுதேப்பா," என்றார்.

"எரியுதுங்க. பத்தல."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த சமணர். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடமாட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் நாலு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இருட்டுவதற்குள் கார் கொட்டகைக்கு வந்துவிடும். அதனால் அவரிடம் ஓட்டிய ஒன்றரை வருடத்தில் நான் விளக்குப் போட்ட நாட்கள் மிகக் குறைவு.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். ஓசூர், சித்தூர், புதுச்சேரி என்று சுற்றிவிட்டு, ஒரு செங்கல் சூளை லாரியில் ஓட்டக் கற்றேன். அந்த லாரி பகலில் மட்டும் ஓடியது. எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. இங்கே தாண்டலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயம் முதலாளியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். ஏழாம் மாதத்தில் ஒரு முறை ரத்தம் பட்டிருந்தது. வலி எந்நேரம் கண்டாலும் உடனே திருவண்ணாமலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊரில் இருந்தது அந்த ஒரு கார். ஓட்டுவதற்கு நான்.

ஒரு நாள் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் இருட்டிவிட்டது. சாலையோரப் புளியமரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டைகளை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். பட்டைகளுக்கு நடுவில் எனக்குச் சாலை இல்லை. பின்சீட்டில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள்தான் விளக்கைப் பற்றி முதலாளியிடம் முதல் முறை சொன்னேன். பொய் சொல்லவில்லை. இருட்டில் எல்லோருக்கும் அவ்வளவுதான் தெரியும், மற்றவர்களுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்திருந்தேன்.

திருவண்ணாமலையில் வேலூர் சாலையில் கார் வயரிங் வேலை செய்யும் பாய் ஒருவர் இருந்தார். காரைக் கொண்டுபோய் ஹாலஜன் போட வேண்டும் என்றேன்.

"இந்த டப்பாவுக்கா? இன்னாப்பா, உங்க மொதலாளி ஏரோப்ளேன் எறக்கப் போறாரா?"

புதுப் பல்பைப் பெட்டியிலிருந்து எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"கண்ணாடிய தொடாத. கை பிசுக்கு பட்டா சூட்டுல பூடும்."

பேப்பர் துண்டால் பிடித்து அவரே மாட்டினார். பழைய வயர் தாங்காது, கரன்ட் ஜாஸ்தி இழுத்தால் சுவிட்ச் உருகிவிடும் என்று தடிமனான வயர் இழுத்து நடுவில் ரிலே வைத்தார். கறுப்புப் பெயின்டைப் பிளேடால் சுரண்டினார். "போலீஸ்காரன் கேட்டா காட்றதுக்கு நடுவுல ஒரு பொட்டு மட்டும் வெக்கறேன்," என்றார். காரை எதிர்ச்சுவருக்கு நேராக நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே விழும்படி திருகினார். பொழுது சாய்ந்திருந்தது.

"வா, வேங்கிக்கால் வரைக்கும் ஒரு ரவுண்டு பாத்துடலாம்," என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. மரப்பட்டைகள் முன்னைவிட நன்றாகத் தெரிந்தன. சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்து நிமிடம் போயிருப்போம்.

"யோவ், வண்டி! வண்டி! நிறுத்துயா!"

பாய் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தார். நான் பிரேக்கை மிதித்தேன். கார் திரும்பி நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே வைக்கோல் வாசனை வந்தது. கை நீட்டினேன், வைக்கோல் இடித்தது.

"இம்மாம் வெளிச்சம் வெச்சிக்கினு கண்ண மூடிக்கினு வர்றியா?" என்று வண்டிக்காரர் மேலிருந்து கத்தினார். "மாட்டுக்குக் கூட தெரியுதுயா ரோடு!"

அவர் போனபின் பாய் விளக்கை அணைத்தார்.

"மலை தெரியுதா உனக்கு?"

"எந்தப் பக்கம்?" என்றேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பிறகு, "எறங்கி இந்தப் பக்கம் வா," என்றார். நான் காரைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தேன்.

"மாலக்கண்ணுயா இது. எங்க மாமனாருக்கு இருந்துது. இதுக்கு பல்பு இன்னா பண்ணும்?" என்று வண்டியை எடுத்தார். கடை வந்ததும் கேட்டார்: "மொதலாளியாண்ட நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டா?"

"நானே சொல்றேன்."

ராத்திரி காரிலேயே படுத்திருந்துவிட்டு விடிந்ததும் ஓட்டிக்கொண்டு போனேன். பகலில் சாலை முழுதாக இருந்தது. வலி பகலில் வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போகும். பாதிக்குப் பாதி. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அன்னிக்கி பொண்ண எப்படி கூட்டியாந்த?"

"மரத்த பாத்துக்கினு வந்தேங்க."

கையை இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதன்பின் சாப்பிடவில்லை. திட்டவும் இல்லை. "சாவிய அங்க வெய்யி. மண்டியில பகல் வேலைக்கு இரு," என்றார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேறு டிரைவர் வந்தான். வெளிச்சத்தைத் தாழ்த்தும் கால் சுவிட்சையும், ரிலே இருக்கும் இடத்தையும் அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மாலை விளக்கு வைத்தபின் வலி கண்டது. பெண்கள் முதலாளியின் மகளைத் தாங்கி ஏற்றினார்கள். நான் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்கைப் போட்டதும் கிணற்றுச் சுவர், கோழிக்கூடு எல்லாம் வெள்ளையாக எழுந்தன. கார் வாசலைத் தாண்டித் திரும்பியதும் எனக்குச் சத்தம் மட்டும்தான். ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

மறுநாள் பெண் குழந்தை, இருவரும் நலம் என்று ஆள் வந்து சொன்னான். சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததைத் தைத்து முடித்தேன். அந்த வாரக் கடைசியில் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, பகல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன்.