கதவுக்கு வெளியே போன கதிரை

என் மகள் முதலாம் வகுப்புப் படித்த வருடம் முழுவதும் நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன். அவளுக்கு ஓட்டிசம். இரண்டு பள்ளிக்கூடங்கள் இடமில்லை என்று சொல்லிவிட்டன. மூன்றாவதாக, உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர்தான் சேர்த்துக்கொண்டார். "வீட்டிலையிருந்து ஒராள் வந்து பக்கத்திலை இருக்கவேணும், சம்மதமோ?" என்று கேட்டார். மனைவி சங்கக்கடையில் மனேஜர். அவளுக்கு லீவு கிடைக்காது. நான் தோட்டத்தில் வெங்காயம் வைக்கிறவன். விடியப்புறம் தண்ணீர் இறைப்பை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குமுன் எங்கேயும் போகலாம். அதனால் நான் போனேன்.

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் நெஞ்சில் முட்டுகிற ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்து "அம்மா, ஆடு, இலை" என்று கேட்டுக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. சந்தியில் தேத்தண்ணீர்க் கடைக்காரன் என்னைக் காணும் போதெல்லாம், "என்ன அண்ணை, இந்தமுறை ஐஞ்சாம் வகுப்புச் சோதினை எடுக்கிறதோ?" என்பான். நான் சிரித்துவிட்டுச் சைக்கிளை மிதிப்பேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வருடம் எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் இருந்த ரீச்சர் பென்சனுக்குப் போகக் காத்திருந்தவர். மகளை முழுதாக என்னிடம் விட்டுவிட்டார். மணி அடிக்கப் போகிறது என்றால் அவளுடைய இரண்டு காதுகளையும் என் உள்ளங்கைகளால் பொத்துவேன். பொத்தாவிட்டால் அலறுவாள். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு அவளை மாற்றுவதுதான் பெரிய பாடு. அதற்கும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தோட்டத்தில் நான் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும்போது அவள் வரம்பில் நின்று பார்ப்பாள். ஒரு பாத்தி நிரம்பி, நான் மண்வெட்டியால் வாயை அடைத்து அடுத்த பாத்தியை வெட்டிவிடும்வரை அசையமாட்டாள். அவளுக்கு அந்த ஒழுங்கு விளங்கும். அதனால் வகுப்பில் எழுத்து முடிந்து கணக்குத் தொடங்கும்போது, அவள் காதுக்குள் "அடுத்த பாத்தி" என்பேன். கொப்பியை மூடிவிடுவாள். வேறு யார் சொன்னாலும் மூடமாட்டாள். அந்த வேறு யாரும் இல்லாததுதான் எனக்குச் சந்தோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாம் வகுப்புக்குப் புது ரீச்சர் வந்தார். சின்ன வயது. இப்படியான பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு பயிற்சியும் எடுத்தவர். முதல் கிழமையே அன்றைய நாளின் வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினார். அலுமாரிக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து, சத்தம் தாங்காவிட்டால் மகள் போய்ச் சுருண்டிருக்க இடம் செய்தார். அந்த வருடமும் நான் மகளுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு நாளில் ரீச்சருக்குச் சலித்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை, மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கள் பள்ளிக்கூடத்து மணி, மரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற இரும்பை அவள் கையில் கொடுத்தார். நான் காதைப் பொத்தக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் அடித்தாள். ஒருமுறை நின்று, அந்தச் சத்தம் அடங்கும்வரை தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு இன்னும் நாலு அடி அடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கைகள் காதளவு உயரத்தில் அப்படியே நின்றன. ஒரு வருடமாக அந்தக் காதுகளைப் பொத்தியவன் நான். அவள் கையில் மணியைக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு மனைவி சோறு போட்டபடி, "கெட்டிக்காரப் பிள்ளை அந்த ரீச்சர்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"என்ன ஓம் எண்டுறியள், வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி?"

"நல்ல ரீச்சர்தான். ஆர் இல்லையெண்டது?"

ஒருநாள் ரீச்சர் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் அவளுக்கு அடுத்த பாத்தி எண்டு சொல்லுறியளே, அது என்ன?" என்று கேட்டார். சொல்ல மனமில்லை. ஆனாலும் கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது எனக்கு. தோட்டக் கதையைச் சொன்னேன். "நல்லாயிருக்கு அண்ணை. நானும் பாவிக்கட்டோ?" என்றார். தலையாட்டினேன். அடுத்த நாள் கரும்பலகைக்குக் கிட்ட நின்று அவர் அதைச் சொன்னார். மகள் கொப்பியை மூடினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கிணற்றில் மற்றவன் மிசினை வைத்து இறைப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு என் கதிரை நகரத் தொடங்கியது. "ஒரு வரிசை பின்னாலை இருங்கோ அண்ணை." அடுத்த கிழமை கடைசி வரிசை. அதற்கடுத்து வாசல். பிறகு கதவுக்கு வெளியே விறாந்தை. ஒவ்வொரு முறையும் ரீச்சர் தானே வந்து கதிரையைத் தூக்கி வைத்தார். மரியாதையாகத்தான் செய்தார். அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. சண்டைக்காரியாக இருந்திருந்தால் மனைவியிடமாவது குறை சொல்லியிருப்பேன்.

இப்படி இருக்கும்போது, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வரப்போவதாக அறிவித்தல் வந்தது. மகள் சாதாரண வகுப்பிலேயே தொடரலாமா, அல்லது பஸ் ஏறிப்போய் வேறு பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்று உள்ள விசேட அலகில் சேரவேண்டுமா என்பதை அவர் பார்த்துத் தீர்மானிப்பார்.

"அண்டைக்கு நீங்கள் கேற்றுக்கு வெளியிலை நிண்டால் நல்லம்" என்றார் ரீச்சர். "தனிய இருப்பாளோ எண்டுதான் அவை பாக்க வருகினம். இருப்பாள் அண்ணை. எனக்கு நம்பிக்கை இருக்கு."

உங்களுக்கு நம்பிக்கை இருக்கும், பிள்ளை என்னுடையது என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே, "சரி ரீச்சர்" என்றேன்.

அந்த அம்மா வந்த நாள், நான் கேற்றுக்கு வெளியேதான் நின்றேன். அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். வகுப்பிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவள் அழுகிறாளோ என்ற பயம் இல்லை. அழவில்லையே என்பதுதான். சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். வகுப்பு யன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் இருந்தது. தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு விடாய் இருக்கவில்லை.

என் சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டுக்குப் போகிற நேரம் என்பதற்கு அவளுக்கு அதுதான் அடையாளம். நித்திரையில் கேட்டாலும் எழும்புவாள். இது எனக்குத் தெரியும். யன்னலுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, ஸ்ராண்டை இரண்டு முறை தட்டினேன்.

கதிரை விழுந்தது. பென்சில் பெட்டி சிதறியது. அவள் வெறுங்காலோடு ஓடி வந்து சைக்கிள் கரியரைப் பிடித்தாள். வீட்டுக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் நிலத்தில் விழுந்து அலறினாள். ரீச்சர் ஓடி வந்து கையை நீட்டினார். மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டு என் சேட்டு நுனியைப் பிடித்தாள். அவளைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். மாதக்கணக்கில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வரவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கொஞ்சம் ஆறியதும் எங்களை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மகள் என் மடியில் இருந்தாள். வலயத்து அம்மா கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

"தகப்பன் இல்லாமல் பிள்ளை இருக்கமாட்டுது போலை. அலகிலை எண்டால் பிள்ளைக்கும் வசதி" என்றார்.

"இரண்டு மாதமா அவள் இப்பிடி எழும்பி ஓடினதே இல்லை மேடம்" என்றார் ரீச்சர். "இண்டைக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு விளங்கேல்லை. நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் போலை."

அந்த அம்மா பேனையின் மூடியைக் கழற்றினார். அலகுக்கு அனுப்பினால் என்னவாகும் என்று அப்போதுதான் நான் யோசித்தேன். இந்த வகுப்புப் பிள்ளைகள் இல்லை. மணி இல்லை. அவளாகக் கற்றுக்கொண்ட அத்தனையும் திரும்பவும் முதலிலிருந்து.

"நான்தான் கூப்பிட்டனான்" என்றேன்.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டினனான். தட்டினால் அவள் வருவாள் எண்டு தெரியும். வேணுமெண்டுதான் செய்தனான்."

"ஏன் ஐயா?" என்றார் அந்த அம்மா.

"ரீச்சரோடை அவள் நல்லா இருக்கிறாள். எனக்கு அது பொறுக்கேல்லை."

அதிபர் மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ரீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வலயத்து அம்மா பேனையை மூடினார். "இதை நான் படிவத்திலை எந்தக் கட்டத்துக்குள்ளை எழுதுறது?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு, "அடுத்த மாதம் திரும்ப வாறன். அதுவரைக்கும் தகப்பன் கேற்றுக்குள்ளை கால் வைக்கக்கூடாது" என்றார்.

மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "உங்களை வகுப்பிலை விட்டது என்ரை பிழை. நீங்கள்தான் இரண்டாம் வகுப்பு" என்றாள்.

அந்த மாதம் முழுவதும் மகளைக் கேற்றில் இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். களை பிடுங்கும்போது, இப்போது பாட்டு, இப்போது எழுத்து, இப்போது மணி அடிப்பாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னுடைய பிள்ளையின் நாள் எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. ரீச்சருக்கு அது ஒவ்வொரு நிமிடமும் தெரிந்திருந்தது.

அந்த அம்மா திரும்பி வந்த நாளில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு முன்னமே போய் றோட்டில் நின்றேன். ரீச்சர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தார். அந்தச் சைக்கிள் சம்பவத்துக்குப் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் கதைத்ததில்லை.

"மேடம் இரண்டு பாடம் இருந்து பாத்தவா. மகள் எழும்பேல்லை. இஞ்சையே படிக்கலாம் எண்டு எழுதிக் குடுத்திட்டா" என்றார்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"என்னைத் தேடினவளோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாசல் பக்கம் ஒருக்கால் பார்த்தாள் என்றாவது சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதையும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டேன். மகளைத் தூக்கிக் கரியரில் இருத்தினேன்.

"சந்தோசம் ரீச்சர்" என்றேன். அதில் அரைவாசி உண்மை.