தட்டில் இல்லாத முட்டை

யார் எந்த நேரத்தில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலும் இராக்கம்மாவிடம் ஒரே பதில்தான்: "இப்பதான் கை கழுவுனேன்." விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போதும் அதுதான், சாயங்காலம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு மலை இறங்கும்போதும் அதுதான். சொல்லிக்கொண்டே வலது கையை முந்தானையில் ஒரு தரம் துடைத்துக்கொள்வார், ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வருடக்கணக்காக இதைப் பார்த்துப் பழகிய, லயம் என்னும் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், "இராக்கம்மா கை கழுவியே பீலிக் குழாய்த் தண்ணி வத்திப்போச்சு" என்று சிரிப்பார்கள்.

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. இராக்கம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இறந்துபோன கணவரின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறிக்கிறார். இந்த மலையிலிருந்து கூப்பிட்டால் அந்த மலையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் குரல். கோயில் திருவிழாவோ சாவு வீடோ கிளினிக்கோ, முன்னால் நிற்கிற ஆள் அவர்தான். கொரோனா ஊசி வந்த காலத்தில், போட்டால் பிள்ளை பிறக்காது, ஆள் தங்கமாட்டான் என்று லயமெல்லாம் கதை. முதல் ஆளாகப் போய்க் கோட்டைக் கழற்றியவர் இராக்கம்மா. "நான் செத்துட்டா நீங்க போட வேணாம். நாளைக்குப் பெரட்டுக்கு வந்துட்டேன்னா ஒருத்தர் பாக்கியில்லாம வந்து போடணும்" என்றார். மறுநாள் கங்காணிக்கும் முன்பே வந்து நின்றார்.

ஆனால் அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஊசி போட்டால் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது, ஒரு கிழமை, ஏழு நாளும் பத்தியம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இராமையா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாயிலிருந்து ஓய்வு பெறாதவர், இதைக் கேட்டுவிட்டு, "கருவாடு இருந்தாத்தான தாயி ஆகாது?" என்றார்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. ஒரே ஊசியைத்தான் எல்லாருக்கும் போடுகிறார்கள். சிலர் உடம்பில் அதன் எதிர்ப்புச் சக்தி நின்று பிடிக்கிறது, சிலர் உடம்பில் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. ஏன்? பரம்பரையா, சாப்பாடா? தோட்டத்திலும் பதுளை நகரத்திலும் மொனராகலையிலும் இரத்தம் எடுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். கூடவே, பாட்டன் பூட்டன் எந்த ஊர், இந்தக் கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பார்களாம்.

இராக்கம்மாவுக்கு முதல் கேள்வி பிடித்திருந்தது. தொட்டியத்துப் பக்கமிருந்து கடல் கடந்து, மலைக்கு நடந்தே வந்து காடு வெட்டிய பாட்டனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். இரண்டாவது கேள்விதான் முள்ளாகக் குத்தியது. அன்றைக்கே லயம் லயமாகப் போய்ச் சொல்லி வைத்தார். "படிச்ச பிள்ளைங்க வருது. ரொட்டியும் சம்பலும்னு சொல்லி மானத்த வாங்கிடாதீங்க. முட்ட, மீனு, பருப்பு, கீரன்னு சொல்லுங்க. வாயால சொல்றதுக்குக் காசா பணமா?"

எல்லாரும் அப்படியே சொன்னார்கள். இராமையா ஒருபடி மேலே போய், இராத்திரியில் ஓர் அப்பிள் சாப்பிடாவிட்டால் தூக்கம் வருவதில்லை என்றார். நிரஞ்சலா மட்டும் தடுமாறினாள். மேல் லயத்துப் பிள்ளை, கைக்குழந்தைக்காரி. "சில நாளைக்கு ராத்திரிக்கு ஒண்ணும்..." என்று அவள் தொடங்கியதும், குழுவோடு கூடவே வந்த இராக்கம்மா, "பால் குடுக்கிறவ, நாந்தான் தெனம் முட்ட அவிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேனே" என்று சிரித்து மூடிவிட்டார். நிரஞ்சலா தலை குனிந்துகொண்டாள்.

இதைப் பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. அடுப்பு எரியாத நாளிலும் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதைத்தான் இராக்கம்மா குடித்தனம் என்று கற்றிருந்தார்.

சில மாதங்கள் கழித்து அந்தக் குழுவில் இருந்த றுஸைனா, பதுளைப் பட்டணத்துப் பெண், திரும்பி வந்தாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து இரத்தப் பரிசோதனையின் முடிவுகளைச் சொன்னாள். இந்தத் தோட்டத்தில் பலருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கிறது. எல்லாரும் சொன்னதை வைத்துப் பார்த்தால் சாப்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை. அதனால் குழுவுக்கு மேலே இருப்பவர்கள், இது இந்த ஆட்களின் பரம்பரையில் வருவதாக இருக்கலாம் என்று எழுத யோசிக்கிறார்கள்.

"எங்க ரத்தத்துலயே கோளாறா மிஸ்?" என்று கேட்டார் இராக்கம்மா.

"கோளாறு எண்டில்ல அக்கா. இன்னும் முடிவாச் சொல்லேலா. ரெண்டும் கலந்தும் இருக்கேலும்" என்றாள் றுஸைனா. பிறகு குரலைத் தணித்தாள். "சாப்பாட்டாலண்டா தோட்டத்துப் புள்ளைகளுக்குச் சத்துணவு வேணும் எண்டு கேட்டு எழுதலாம். பரம்பரையாலண்டா நாங்க யாருக்கிட்டப் போய்க் கேக்கிற?"

இராக்கம்மாவுக்குப் புரிந்தது. இல்லாத முட்டையும் மீனும் உருண்டு போய்ப் பாட்டன் தலையில் விழுந்திருந்தன. காட்டையும் மலேரியாவையும் தாண்டி நின்ற மனிதரை, இனி யாரோ ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து, குறையுள்ள இரத்தம் என்று எழுதுவார். அந்த எழுத்துக்குப் பேனை எடுத்துக் கொடுத்தது யார்?

கொழுந்து மலைக்குக் கொண்டு போகும் துணிப் பையை அவிழ்த்தார். விறைத்த கோதுமை ரொட்டி ஒன்று, அதன் நடுவே வைத்து மடித்த சம்பல். மேசையில் வைத்தார்.

"இதுதான் மிஸ். நேத்தும் இதுதான். மாசக் கடைசின்னா இதுல பாதி. முட்டன்னு சொல்லச் சொன்னது நாந்தான். மத்தவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

றுஸைனா ரொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் மறுபடி கேட்க முடியுமா என்றாள்.

"நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

சுலபமாக இருக்கவில்லை. ஒரு வீட்டில், நீதானே சொல்லச் சொன்னாய், இப்போது எங்களைப் பிச்சைக்காரராக்க வந்தாயா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. இராமையா, "அப்ப அந்த அப்பிள நான் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, "சாயத்தண்ணியும் ரொட்டியும்னு போட்டுக்கம்மா" என்றார். ஒவ்வொரு வாசலிலும் இராக்கம்மா, தப்பு என்மேல்தான் என்று உரக்கச் சொன்னார். இதனால் எழுதப்போவது மாறுமா என்று றுஸைனாவுக்கும் தெரியாது. மாறும் என்று அவள் சொல்லவும் இல்லை.

மேல் லயத்துக்கு ஏறும்போது மட்டும் இராக்கம்மாவின் நடை தளர்ந்தது. மற்றவர்கள் அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னவர்கள். நிரஞ்சலா உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள். வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்ததும், வழியெல்லாம் சரளமாக வந்த 'தப்பு என்மேல்தான்' என்ற வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை. நிரஞ்சலாவும் அதைக் கேட்கவில்லை. றுஸைனாவுக்குப் பலகையைத் தள்ளிப் போட்டு, "கேளுங்க மிஸ்" என்றாள்.

அந்த வார்த்தையை இராக்கம்மா அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அன்று கையை நீட்டி அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய், உள்ளே கேட்கும் கேள்விகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.