புதுவருஷத்தன்று கூட்டியவள்

லண்டனுக்கு வந்து நான் முதலில் பழகிய பாஷை ஆங்கிலம் இல்லை, சீனம். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. எண்பதுகளின் நடுவில், பிளேஸ்டோவில் ஒற்றை அறையில், இரவு வேலை முடித்து வந்து பகலெல்லாம் குறட்டை விடும் கணவரோடு இருந்தேன். அவர் எழும்பிவிடாமல் சத்தமின்றித் தேத்தண்ணீர் கலக்கக்கூடப் பழகிவிட்டேன். விசர் பிடிக்காத குறைதான். சைனாடவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறி வெட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடுத்த நாளே போய் நின்றேன்.

முதலாளியம்மா குள்ளமான, கறாரான மனுஷி. பாதி உடைந்த ஆங்கிலத்திலும் பாதி கையாலும் பேசினார். "எங்கட புதுவருஷம் வரைக்கும் வேலை செய். பிறகு சொல்றேன்" என்பதுதான் எனக்கு விளங்கியது. சீனப் புதுவருஷத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

முதல் வாரம் நடுங்கிக்கொண்டே இருந்தேன். சமையலறையில் எல்லோரும் கான்டனீஸில் கத்துவார்கள். கத்திக்குத்து விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். பார்த்தால், உப்பை எடுத்துத் தா என்றுதான் கேட்டிருப்பார்கள்! காலையில் கண்டதும் "சிக் சோ ஃபான் மேய்?" என்பார்கள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அட, நம்மைப் போலவே கேட்கிறார்களே என்றதும் பாதிப் பயம் போய்விட்டது. பிறகு இஞ்சி, பூண்டு, கத்தி, 'கெதியாகச் செய், சீக்கிரம்', எல்லாம் சீனத்தில் என் வாயில் வந்தன. தலைமைச் சமையல்காரர் சிரித்தால் வயிறு குலுங்கும். நான் வெட்டிய வெங்காயத்தாளைத் தூக்கிப் பிடித்து, கோழி கொத்தியதா என்று நடித்துக் காட்டுவார். நானும் சும்மா விடுவேனா? அவருடைய சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, உறைப்பே இல்லை என்று முகத்தைச் சுளிப்பேன்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலையில் எனக்குக் கொள்ளை ஆசை. அது போனால் மறுபடியும் அந்த அறையும் குறட்டையும்தான். புதுவருஷம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முதல் நாள் கணவர்தான் யோசனை சொன்னார். "இஞ்சாரும், நாளைக்கு அவையின்ர வருஷமெல்லோ? முந்திப் போய்க் கூட்டிக் கழுவி விடும். மனிசி உருகிப் போவா."

"ஓம், நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றேன். நல்ல நாளில் கூட்டாமல் கழுவாமல் விட்டால் அது என்ன வீடு?

மரக்கறி லொறி வரும் என்பதால் பின்கதவுச் சாவி என்னிடம் இருந்தது. விடிய முன்னமே போனேன். முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து கடையைத் துடைத்துவிட்டுத்தான் விருந்து சாப்பிட்டோம். நிலமெல்லாம் விருந்தில் சிந்திய கச்சான் கடலைக் கோதும் தோடம்பழத் தோலுமாகக் கிடந்தது. தும்புத்தடியை எடுத்து மூலை முடுக்கெல்லாம் கூட்டிக் கறுப்புப் பையில் கட்டித் தெருவில் வைத்தேன். நிலத்தைக் கழுவினேன். கையோடு கொண்டுபோயிருந்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து வாசலிலும் தெளித்தேன்.

முதலாளியம்மா சிவப்புக் கோட்டுடன் வந்தார். ஈர நிலத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த தும்புத்தடியைப் பார்த்தார். "அய்யா!" என்று ஒரு அலறல். அது நம்முடைய ஐயோவேதான். கதிரையில் விழுந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

பின்னால் வந்த சமையல்காரர்தான் எனக்கு விளக்கினார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தும்புத்தடியைக் காட்டினார், வாசலைக் காட்டினார், தன் காற்சட்டைப் பையை வெளியே இழுத்து வெறுமையாகத் தொங்கவிட்டார். "இன்றைக்குக் கூட்டினால் வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் வெளியே."

எனக்குச் சுரீர் என்றது. விளக்கு வைத்த பிறகு கூட்டினால் சீதேவி போய்விடுவாள் என்று அம்மாவிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்! கடவுளே, ஒரு கடையின் சீதேவியையே பையில் கட்டித் தெருவில் வைத்திருக்கிறேனே!

வெளியே குப்பை லொறியின் சத்தம் கேட்டது.

ஓடினேன். ஏப்ரனோடும் செருப்போடும் அந்தக் குளிரில் ஓடினேன். குப்பைக்காரர் பையைத் தூக்கி வீசப் போகிறார். "நோ! மை பேக்!" என்று பாய்ந்து மறு நுனியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு விசர் என்றுதான் அவர் நினைத்திருப்பார். பயந்து கையை விட்டார். முன்வாசலால் உள்ளே வந்து, கழுவின நிலத்திலேயே பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

 எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான் என்று சொல்ல என் சீனம் போதவில்லை. விளக்கை, தும்புத்தடியை, ஒரு பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு வெளியேறுவதை, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். முதலாளியம்மா உற்றுப் பார்த்தார்.

"உன்ர சாமிக்கும் தும்புத்தடி எண்டால் பயமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சமையல்காரரின் வயிறும் குலுங்கியது. அந்தக் குப்பையைச் சுற்றி நடந்துதான் அன்று எல்லோரும் பரிமாறினார்கள்.

மாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, கேட்கப் பயந்தபடி நின்றேன். முதலாளியம்மா கோதும் தோலும் கிடந்த நிலத்தைக் காட்டி, "நாளைக்கும் வேண்டாம், நாளையிண்டைக்குக் கூட்டலாம்" என்றார். "பத்து மணிக்கு வா. நீதான் கூட்ட வேணும்."

வேலை போகவில்லை என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. குப்பை கூட்டச் சொன்னதற்காகச் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.