கூரை வரைக்கும் ஏறாத செவுரு

எம் மகளைப் பக்கத்துக் காம்பராவுலயே கட்டிக் கொடுத்தேன். என் நாத்தனா மகன்தான் மாப்பிள்ளை. தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கதான் எங்க லயம்; வீட்டுக்கு ஒரு காம்பரா, எல்லாக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. அவங்கம்மாகிட்ட எடம் பத்தாதுன்னு மாப்பிள்ளை எங்ககிட்டயே வந்துட்டான். ஊர்வலம் கெளம்பி, மேளக்காரன் ரெண்டு தட்டு தட்டுறதுக்குள்ள வந்து சேந்துருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்.

அப்புறம் குடிச்சிட்டு அடிக்க ஆரம்பிச்சான். ஒரு நாள் மக கையை முறிச்சிட்டான். கொழுந்து பறிக்கிற கை. பொலிசுக்குப் போனோம், அங்கேருந்து பதுளைக் கோர்ட்டு. தவணைக்கு மேல தவணை. ஒரு நாள் ஜட்ஜு ஐயா லீவு, ஒரு நாள் சிங்களத்துல பேசுறதைத் தமிழ்ல எடுத்துச் சொல்றவரு லீவு. லீவே இல்லாதது எங்களுக்கு மட்டுந்தான்.

கடைசியில உத்தரவு வந்துச்சு. அவன் எங்க வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, இவ மேல கை வைக்கக் கூடாது. திரும்பி வர்ற பஸ்ல கடலை வாங்கித் தின்னோம். ரொம்ப நாளைக்கப்புறம் மக சிரிச்சா.

சாயந்தரம் அவன் துணிமணியைத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா காம்பராவுக்குப் போனான். அடுத்த கதவு.

கோர்ட்டு ஐயா வீட்டுல செவுரு கூரையத் தொடும் போல. எங்க செவுரு ஆள் ஒசரத்தோட நின்னுரும். அதுக்கு மேல பொகையும் பேச்சும் பொது. மக தட்டுல சோத்தைப் போட்டா, "என்ன, கருவாடா?"ம்பான் அந்தப் பக்கத்துலருந்து. போன் பேசினா, "யாருகூட?"ம்பான். அவ போனை வச்சிருவா.

பொலிசய்யா வந்து பாத்தாரு.

"உள்ளுக்கு வந்தானா?"

"இல்லீங்கய்யா, சத்தந்தான் வருது."

"சத்தத்தை நான் எப்பிடிம்மா ஜீப்புல ஏத்துறது?"

எனக்கே சிரிப்பு வந்துருச்சு. மக சிரிக்கல.

தோட்டத்து ஆபீசுல, வேற லயத்துல காம்பரா கேட்டோம். இல்லேன்னுட்டாங்க. அவ கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. குத்தம் பண்ணவன் லயத்துல, கேசுல ஜெயிச்சவ ஊரான் வீட்டு அடுப்படியில.

இந்தத் தீவாளிக்குப் பழக்கத்துல அவளுக்கும் சேத்துப் பணியாரம் சுட்டுட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் பொகைக்கு இருமிட்டு, "அத்தே, இவ்ளோ நேரமா சுடுறீங்க, யாரு வந்துருக்கா?"ன்னான்.

"யாரும் வரலப்பா"ன்னேன்.

உத்தரவு வந்ததுலருந்து இன்னைய வரைக்கும் அவன் எங்க வாசப்படிய மிதிச்சதே இல்ல.