அண்ணி போட்டுக்கொள்ளாத ஊசி

என் வீட்டுக்காரரின் வலது அடிவயிற்றில் இருப்பது அவருடைய அக்காவின் கிட்னி. முதுகுப் பக்கம் வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்னால்தான் வைப்பார்களாம், கை வைத்தால் லேசாகத் தட்டுப்படும். தம்பிக்கு இரண்டும் போய்விட்டது என்று தெரிந்ததுமே, திருமயத்துக்கு அங்கிட்டு இருக்கிற தன் ஊரிலிருந்து அந்த அக்கா, எனக்கு அண்ணி, பஸ் ஏறி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணை எடுத்து அவனுக்கு வச்சு விடுங்க" என்றார், வீட்டில் இரண்டு அண்டா இருந்தால் ஒன்றை இரவல் கொடுப்பதுபோல. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவரைத் தூக்கி வளர்த்ததே அந்த அக்காதான்.

கொரோனா வந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "கிட்னி வச்சதுக்காக இவர் சாப்பிடுற மாத்திரையை நிறுத்துனா ஒடம்பு கிட்னியை ஏத்துக்காது. சாப்பிட்டா, எந்தக் கிருமி வந்தாலும் ஒடம்பு சும்மா வேடிக்கை பாக்கும். தடுப்பூசி போடுங்க, ஆனா இவருக்கு அது முழுசா வேலை செய்யும்னு நம்பி வெளிய கெளம்பிறாதீங்க. சுத்தி இருக்கிற ஆளுக போட்டுக்கிற ஊசிதான் இவருக்கு வேலி."

நான் ஜாக்கெட் தைக்கிறவள். புதுக்கோட்டையில் எங்கள் தெருப் பெண்களுக்கு அளவு எடுக்காமல் தொழில் நடக்குமா? "அளவு ஜாக்கெட்டை கேட்டுல மாட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். துணியை ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டு, பிறகுதான் கத்தரியை எடுப்பேன். எதிர்வீட்டில் யாராவது தும்மினால் இங்கே ஜன்னலைச் சாத்துவேன். "ரொம்பத்தான் அலட்டிக்கிறா" என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். அவர்கள் புருஷன்மார் இருமினால் கஷாயம் போதும். என் புருஷன் இருமினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஊசி வந்தபோது சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துப் போடவைத்தேன். கெஞ்சினேன், திட்டினேன், பேசமாட்டேன் என்று மிரட்டினேன். எல்லோரும் போட்டார்கள். அண்ணி மட்டும் போடவில்லை. எங்களைப் பார்க்க மாதம் ஒரு தடவையாவது வருகிற மனுஷி, கிட்னியைக் கொடுத்த மனுஷி, ஊசிக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"எனக்கு வேணாந்த்தா, விடு" என்பார்.

"ஏண்ணி? எவன் என்ன சொன்னான் ஒங்களுக்கு?"

"எவனும் சொல்லல. அது எனக்கு மட்டும் ஆகுற காரியமில்ல."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும், அடக்கிக்கொள்வேன். "ஊசி போடாம எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். "சரித்தா" என்றார். அதன் பிறகு வரவில்லை. தம்பியுடன் போனோடு சரி.

மூன்றாவது அலை பொங்கலை ஒட்டி வந்தது. தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் போர்த்திப் படுத்திருந்தார்கள். அப்போது மெடிக்கலில் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற கிட் விற்க ஆரம்பித்திருந்தார்கள். மூக்கில் குச்சியை விட்டுக் குடைந்து, திரவத்தில் கலக்கி, பட்டையில் சொட்டு விட வேண்டும். ஒரு கோடு வந்தால் பிழைத்தோம், இரண்டு வந்தால் நோய். சிலவற்றை வாங்கி அரிசிப் பானை பக்கத்தில் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு காலையில் போன் வந்தது. அண்ணியின் வீட்டுக்காரர் வயலுக்குப் போய் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார், அண்ணி செம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். இரண்டு நாளாகச் சளி இருந்ததாம். மாரடைப்பா, அந்த நோயா, யாரும் பார்க்கவில்லை. ஒரே மகன் சிங்கப்பூரில் இருந்தான். உடனே வர வழியில்லை.

இவர் சட்டையை எடுத்து மாட்டினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"நீங்க போக வேணாங்க. நான் போறேன்."

"நீ போயி என்ன செய்வ? கோடி யாரு போடுறது?"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு முறை உண்டு. புருஷன் செத்துக் கிடக்கும்போது பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். அண்ணனோ தம்பியோ தன் கையால் அவள் தோளில் அதைப் போட வேண்டும். அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அண்ணிக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இவர் ஒருவர்தான்.

"அங்க ஊரே கூடியிருக்கும். எவனும் மாஸ்க் போட்டிருக்க மாட்டான். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க செய்வேன்?" என்று அழுதேன்.

"அவ குடுத்த கிட்னிய வச்சுக்கிட்டு, அவ தாலி அறுக்குற அன்னைக்கு வீட்டுல உக்காரச் சொல்றியா?"

வாசலை விட்டு விலகினேன். ஒரு ஏற்பாடு மட்டும் செய்தேன். அவர் ஊருக்கு வெளியே ரோட்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போய்ப் பார்த்து, கூட்டத்தை விலக்கிவிட்டுக் கூப்பிட்டால்தான் வர வேண்டும், கோடியைப் போட்டதும் திரும்பிவிட வேண்டும். அவருக்கு மாஸ்க்கின் மேல் மாஸ்க் மாட்டினேன். கோடிச் சேலை அவர் மடியில், கிட் என் பையில். நான்தான் ஸ்கூட்டரை ஓட்டினேன்.

துக்க வீட்டில் யாரையும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். படி ஏறியதும் அண்ணி எழுந்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "போயிட்டாகளே ஆத்தா, என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளே." நானும் கட்டிக்கொண்டேன். தள்ளிவிட எந்த மகராசிக்கு மனசு வரும்? அப்போதுதான் தெரிந்தது. அண்ணியின் கழுத்து கொதித்தது. என் தோளில் விழுந்த மூச்சு அனலாக இருந்தது.

என் அழுகையெல்லாம் நின்றுவிட்டது. "அண்ணி, செத்த வாங்க" என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் வைக்கோல் படப்பு ஓரம் உட்காரவைத்தேன். பையிலிருந்து கிட்டை எடுத்துப் பிரித்தேன். பின்னாலேயே வந்த பெண்களில் ஒருத்தி, "அடிப்பாவி! புருசன் பொணம் கெடக்கு, இவ மூக்கை நோண்டுறா பாரு" என்றாள். நெஞ்சில் அறைந்ததுபோல்தான் இருந்தது. கேட்காததுபோல் இருந்தேன். அண்ணி தானாகவே தலையை அண்ணாந்து மூக்கைக் காட்டினார்.

முதல் கோடு உடனே வந்தது. இரண்டாவது வரக் கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மெல்ல, வேண்டுமென்றே வருவதுபோல, அதுவும் வந்து நின்றது.

அண்ணி பட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்குண்ணி."

"தம்பி எங்க?"

"பாலத்துக்கிட்ட."

"வர விடாத. ஓடு, வர விடாத!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். புருஷன் செத்ததற்குக்கூட அந்த மாதிரிக் குரல் வரவில்லை.

பாலத்துக்கு ஓடினேன். கொஞ்சம் தூரத்திலேயே நின்றுகொண்டு கத்திச் சொன்னேன். அவர் கோடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "கிட்ட வராதீங்க! அண்ணி என்னையக் கட்டிப்பிடிச்சிருக்காக!" என்று அலறினேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இவரை யாரும் நெருங்காமல் வருஷக்கணக்காகக் காவல் காத்தேன். இப்போது நெருங்கக் கூடாத ஆள் நானே. இவரோடு நான் வீட்டுக்குத் திரும்ப முடியாது.

வீட்டின் கொல்லைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு அறுத்த வயல். அண்ணி கொல்லைச் சுவரோரம் வந்து நின்றார். இந்தப் பக்கம் இவர் நின்றார். நடுவில் அறுத்த நெல்லின் தாள் மட்டும்தான் நின்றது. இவர் கோடியை இரண்டு கையாலும் தூக்கி அக்காவுக்குக் காட்டிவிட்டுப் பாலத்துக் கட்டையில் வைத்துத் தள்ளிப் போனார். நான் எடுத்துக்கொண்டு வயலைக் கடந்தேன். பொம்பளை கோடி போடுவதா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பங்காளிப் பெரியவர் ஒருவர், "தம்பிக்காரன் கண்ணு முன்னால நிக்கிறான்ல? அவன் போட்ட மாதிரிதான். போடு ஆத்தா" என்றார். போட்டேன். அந்தப் பக்கம் இவர் ரோட்டில் குந்தி உட்கார்ந்து அழுதது தெரிந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிடுவாரோ என்று எனக்கு அப்போதும் அதுதான் பயம். பிறகு அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

பிணத்தை எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. நோய் என்று தெரிந்த பிறகு தெருவில் ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. பால்காரர் வாசல் படலுக்கு வெளியே செம்பை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். ஆஸ்பத்திரிப் பெண் வந்து வாசலில் நின்றே மாத்திரை கொடுத்துப் போனாள். வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எனக்கும் பிறகு இரண்டு கோடு வந்தது. ஊசி போட்டிருந்ததால் உடம்பு வலியோடு போயிற்று. அண்ணிக்கு அப்படி இல்லை. இருமல் அழக்கூட விடவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை மாட்டிவிட்டு, எண் இறங்குகிறதா என்று பார்த்தபடியே கிடப்பேன். ஒரு கிட்னியோடு இருக்கிற உடம்பு, தாங்குமா? தாங்காவிட்டால் இவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

இவர் அங்கே தானே கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு, காலையில் பரிசோதனை செய்து போட்டோ அனுப்புவார். ஒற்றைக் கோடு. அதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒரு மத்தியானம் அண்ணிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நெற்றியில் ஈரத்துணியை வைத்தால் காய்ந்துவிடுகிறது. கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

"ஆத்தா, அவனுக்குப் போன் போடு. அங்க சுடுதான்னு கேளு."

"அவருக்குக் காய்ச்சல் இல்லண்ணி. காலைல பேசுனேனே."

"ஒடம்பைக் கேக்கல. வயித்துல, அதை வச்ச எடத்துல சுடுதான்னு கேளு. எனக்கு இப்படிக் கொதிக்கிதே, அதுக்கும் கொதிக்கும்ல? என்னோடதுதானே அது?"

நான் துணியைப் பிழிந்து திரும்பவும் நெற்றியில் போட்டேன்.

"அதுக்குத்தான் ஊசி வேணாம்னேன். போட்டவளுக எல்லாம் ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தாளுக. எனக்குக் காய்ச்சல் வந்தா அவனுக்குள்ள இருக்கிறது தாங்குமா? சொன்னா நீ சிரிப்ப."

சிரிப்பா வரும்? "அப்படியெல்லாம் இல்லண்ணி, வெட்டி எடுத்துட்டா அது அவரோடது, ஒங்களுக்கும் அதுக்கும் ஒட்டு ஒறவு இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். இவர் போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சட்டையைத் தூக்கித் தொட்டுப் பாத்துட்டேன்க்கா. குளுந்துதான் இருக்கு" என்றார். "அப்ப சரி" என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மூடினது திறக்குமா என்று நான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திறந்தது. காய்ச்சல் இறங்கியது. இரண்டு பேருக்கும் ஒற்றைக் கோடு வந்த பிறகுதான் நான் புதுக்கோட்டைக்கு வந்தேன். ஊசியைப் பற்றி அப்புறம் நான் அண்ணியிடம் வாயே திறக்கவில்லை. நோய் கண்டவர்கள் சில மாதம் கழித்துப் போடலாம் என்றார்கள். டாக்டர் சொன்னதை எல்லாம் இவர்தான் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் காலை இவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பள்ளிக்கூடத்துச் சத்தம் கேட்டது, ஊசி போடுகிற இடம்.

"தம்பி, எனக்குப் போடப் போறாகப்பா. கையை அங்க வச்சுக்க."

இவர் நினைத்தால் சும்மா வாயால் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கா தெரியப்போகிறது? எழுந்து எச்சில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சட்டையைத் தூக்கி வலது பக்கம் உள்ளங்கையை வைத்தார்.

"வச்சுட்டேன்க்கா."

"நல்லாப் பொத்திப் பிடிச்சுக்க." பிறகு அந்தப் பக்கம் யாரிடமோ, "ம், இப்பப் போடுங்கத்தா" என்றார்.

இதெல்லாம் வெறும் பயம் என்று தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்த நிமிஷம் நானும் தோசைக் கரண்டியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.