இருநூறாவது கோல்

‘உணர்ச்சிக்கு இடம் கொடாத நிர்வாகி. விசுவாசத்தைவிட வெற்றியைப் பெரிதாக நினைப்பவர். யாரையும் நீக்கத் தயங்காதவர்.’

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் நஜீரைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தது, அவர் போனில் இருந்த கால்பந்து மேனேஜர் விளையாட்டு. சேரும்போது அது ஏழு கேள்வி கேட்டது. வாடிக்கையாளர் ஒருவருக்குத் தலையணை எடுத்துக் காட்டிக்கொண்டே, ஏழுக்கும் முதலில் இருந்த பதிலைத் தட்டிவிட்டார் நஜீர். விளையாட்டு அதை நம்பி, ஆங்கிலத்தில் ஒரு நற்சான்று தயாரித்து, அவர் படத்துக்குக் கீழே நிரந்தரமாக ஒட்டிவிட்டது.

நஜீரால் கடைக்குள் வரும் பூனையைக்கூட விரட்ட முடியாது. ஆறு மாதம் படுத்துப் புரண்ட மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து “மாத்திக் குடு பாய்” என்றால் மாற்றிக் கொடுப்பார். வேலுசாமி என்றொரு விற்பனையாள் இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த மெத்தையாகப் பார்த்துப் படுத்துவிடுவார். அவரை நிறுத்தச் சொல்லி நஜீரின் மனைவி லத்தீஃபா சொல்லாத நாளில்லை. “அவர் தூங்கறதைப் பாத்துட்டே நாலு பேரு வாங்கறாங்க” என்பது நஜீரின் வாதம். அப்படி ஒருவரும் வாங்கியதில்லை.

விளையாட்டு எளிது. பந்தை யாரும் உதைக்க வேண்டாம். யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று தீர்மானித்துவிட்டால் போதும். சாயங்காலம் மேட்சைக் கம்ப்யூட்டரே ஆடி முடித்து முடிவைச் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும். அப்படி ஒன்றாக உட்கார்ந்திருந்த மூன்று பேர் நாற்பது வயதுக்கு மேல் இதில் சேர்ந்தார்கள்: நஜீர், பள்ளி வேன் ஓட்டும் காலித், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பால்ராஜ். முகம் தெரியாத ஏழு பேரையும் சேர்த்துப் பத்து டீம், ஒரு லீக்.

நஜீர் டீம் எப்போதும் ஒன்பதாம் இடம். வந்தவர் யாரையும் அவர் அனுப்பியதில்லை. கால் உடைந்தவர், வயது போனவர், பந்தைக் கண்டாலே ஒதுங்குபவர் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. பத்தாவது டீமின் மேனேஜர் பல நாள் எட்டிப் பார்க்காததால் அதைக் கம்ப்யூட்டர் எடுத்து நடத்திக்கொண்டிருந்தது. அதோடு மோதினால் மட்டும் நஜீர் டிரா செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் மூவரும் கூடுவார்கள். கூடுவதே நஜீரை வறுக்கத்தான்.

“இன்னா நைனா, நேத்தும் அஞ்சு கோல் வாங்கிகினியாமே?” என்று பால்ராஜ் ஆரம்பிப்பார்.

“மெத்த விக்கிறவன் டீம் பின்ன எப்டி இருக்கும்? படுத்துகினு தான் கீது” என்பார் காலித். “உன் கோலி இருக்கானே மச்சான், பந்து வந்தா எந்திரிச்சி வழி உடறான்.”

நஜீர் சிரிப்பார். எல்லோர் டீக்கும் அவரே காசு கொடுப்பார். இது வாரம் தவறாமல் நடந்தது.

காலிதிடமும் ஒரு பலவீனம் இருந்தது, ஆனால் அதைக் கேலி செய்யும் தைரியம் யாருக்கும் இல்லை. காசு கட்டினால், டீமுக்குப் புதிதாக வரும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு நாம் விரும்பிய பெயரை வைக்கலாம். மற்றவர்கள் பெற்ற பிள்ளையின் பெயரை வைத்தார்கள். காலித் தன் பெயரையே வைத்தார். வேன் படியில் ஏறவே கதவைப் பிடித்துத் தொங்க வேண்டிய காலித், திரையில் சுருட்டை முடியும் ஒட்டிய வயிறுமாக ஓடினார். கோலாகப் போட்டுத் தள்ளினார். “இன்னிக்கு ரெண்டு அடிச்சேன்” என்று வீட்டுக்கு வந்து சொல்வார். மனைவி ஷாகிதா, “சந்தோஷம், கை கழுவிட்டு வாங்க” என்பார்.

ஆனால் அங்கே ஒரு சீசன் ஒன்றரை மாதம்தான். சீசனுக்கு ஒரு வயது ஏறும். இரண்டு வருடம் சொச்சத்தில் திரைக் காலிதுக்கு முப்பத்தேழு ஆகிவிட்டது. வேகம் போயிற்று. டீம் நாலாம் இடத்திலிருந்து ஆறுக்கு இறங்கியது. அப்படியும் காலித் அவனை உட்கார வைக்கவில்லை. காரணம் இருந்தது. ஒரே கிளப்புக்கு இருநூறு கோல் போட்டவனின் பெயர் லீக்கின் முதல் பக்கத்தில் ஏறிவிடும். பிறகு மேனேஜர் போனாலும் டீம் போனாலும் அழியாது. திரைக் காலித் போட்டிருந்தது நூற்றுத் தொண்ணூற்றாறு. இது கடைசி சீசன். முடிந்ததும் கட்டாய ஓய்வு.

“நாலே கோலு மாமே. அப்புறம் நான் செத்தாக்கூட என் பேரு அங்க கீது” என்றார் காலித்.

மறுவாரம் குத்தம்பாக்கத்திலிருந்து திரும்பும் வழியில் மணலில் காலிதின் பைக் சறுக்கியது. தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

ஐ.சி.யூ. வாசலில் ஷாகிதா காலிதின் போனை நஜீரிடம் கொடுத்தார். “அண்ணே, கண்ணு முழிச்சா என்னைக் கேக்க மாட்டாரு, டீமைத்தான் கேப்பாரு. பத்து நாள் யாரும் தொடலைன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்குமாமே. நீங்க பாத்துக்குங்க. அந்த நாலு கோல் மட்டும் போட வெச்சிடுங்கண்ணே.”

பால்ராஜும் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அவர் முரட்டு ஆள். நம்பி ஒப்படைக்கத் தக்கவர் நஜீர் என்பதில் ஷாகிதாவுக்குச் சந்தேகமே வரவில்லை. விளையாட்டு எழுதிய நற்சான்றை அவர் படித்ததில்லை.

முதல் இரண்டு மேட்சிலும் நஜீர் திரைக் காலிதை இறக்கினார். ஒன்றில் பந்தே தொடவில்லை. இன்னொன்றில் பெனால்டி கிடைத்தது, வெளியே அடித்தார். இரண்டும் தோல்வி. பால்ராஜ் போன் செய்தார்.

“நைனா, உன் டீமைப் படுக்க வெச்சது போதாதா, அவன் டீமையுமா? அவனே ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான்.”

நஜீர் வழக்கம்போலச் சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

அன்று மதியம் கடையில் உட்கார்ந்து காலிதின் டீமை முதல் முறையாகக் கவனமாகப் பார்த்தார். எல்லாம் அடுத்தவன் பிள்ளைகள். யார் மீதும் பாசமில்லை. அதனால் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்பது கண்ணாடி மாதிரி தெரிந்தது. இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு தெளிவு அவருக்கு வந்ததில்லை. விளையாட்டின் வீரர் சந்தையில் இருபத்திரண்டு வயது ஸ்ட்ரைக்கர் ஒருவன் மலிவாக நின்றான். டீமில் இடமில்லை, ஒருவரை அனுப்பினால்தான் வாங்கலாம். விளையாட்டு ஒரு பெயரைச் சிவப்பில் காட்டி ஆலோசனை சொன்னது.

புது ஸ்ட்ரைக்கர் வந்தான். டீம் வரிசையாக ஜெயித்தது. லீக்கோடு கூடவே நடக்கும் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பால்ராஜ் டீமுக்கு எதிராக நாலு கோல் போட்டது. நஜீர் அந்த முடிவைத் தன் மனைவிக்குக் காட்டினார். லத்தீஃபா, “இதே மாதிரி அந்த வேலுசாமியையும் அனுப்புங்களேன்” என்றார். “பாவம், எங்க போவாரு?” என்றார் நஜீர்.

மூன்று வாரத்தில் காலிதுக்கு நினைவு திரும்பியது. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஷாகிதா சொன்னது ஒரு விதத்தில் தப்பாகப் போயிற்று: டீமை இரண்டாவதாகத்தான் கேட்டார். முதலில் தண்ணீர் கேட்டார்.

நஜீர் போனை நீட்டினார். காலித் விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“கப்பு அடிச்சிட்ட மச்சான்!” என்றார் கூட வந்திருந்த பால்ராஜ். “ரெண்டு வருசமா நீ முழிச்சிகினு இருந்து கிழிக்காததை, கண்ணு மூடிகினு சாதிச்சிட்ட. இன்னொரு வாரம் படுத்திருந்தீன்னா லீக்கும் உனக்குத்தான்.”

காலித் சிரிக்கவில்லை. “டீம்ல என்னைக் காணோமே.”

லீக்கின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

“முதல் பக்கத்துலயும் இல்ல. நாலு கோல் போட்டனா இல்லியாடா?”

“கம்ப்யூட்டரே தூக்கிடுச்சு மச்சான்” என்றார் நஜீர். “வயசாயிடுச்சுன்னு அதுவா ரிட்டயர் பண்ணிடுச்சு. நான் இன்னா பண்றது? பாத்துகினே இருந்தேன், போயிடுச்சு.”

காலித் போனைப் போர்வை மேல் போட்டார். பிறகு கம்ப்யூட்டரை அதன் தாய் வழியில் நான்கு தலைமுறைக்குத் திட்டினார். நர்ஸ் ஓடி வந்தார். திட்டி முடித்து நஜீரின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கிட்ட குடுத்ததால இதுவாவது மிஞ்சிச்சு” என்றார். பிறகு அவர் விளையாட்டைத் தொடவில்லை. டீமைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. வேனுக்கு வேறு ஆள் போட்டார்கள். இன்று அவர் வீட்டில் முதுகு நோகாமல் படுத்திருப்பது நஜீர் இலவசமாக அனுப்பிய மெத்தை, கடையிலேயே உசத்தியானது. “அவன மாதிரி ஒரு மனுசன் பூந்தமல்லியில இல்ல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

வேலுசாமிக்குப் படுக்க இப்போது இரண்டாம் தர மெத்தைதான். அந்த வருத்தத்தில் அவர் பார்த்ததை ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்று மதியம் அவர் நஜீருக்குப் பின்னால் படுத்து, தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் சீசன் நடுவில் யாரையும் ஓய்வுக்கு அனுப்புவதில்லை. காலிதின் டீமில் ஒரு மேட்ச்கூட ஆடாத மூன்றாவது கோல்கீப்பர் ஒருவன் இருந்தான். அவனை அனுப்பியிருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். திரைக் காலித் பெயரைத் தொட்டதும், இவரை நீக்கினால் இவர் போட்ட கோல்கள் எல்லாம் அழிந்துவிடும், நீக்கவா என்று திரை இரண்டு முறை கேட்டது. நஜீர் இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்தினார்.